முதல் செமஸ்டரில் விழுந்தவர் டாக்டராகலாமா?



எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ எடுத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்தில் மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, கைதட்டி அனுப்பினோம். "எங்க பாப்பா டாக்டருக்குப் படிக்கப் போறா"னு அம்மா பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு. பெண் மெட்ரிகுலேஷனுக்குப் போனாள். முதல் செமஸ்டர் முடிவு வந்தது: 2.30.

இப்போது கேள்வி. இந்தப் பெண் இன்னமும் டாக்டராக ஆசைப்படலாமா? அப்படி ஆசைப்படுவது சரியா?

நம் வீடுகளில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று: "அவ தலையெழுத்து அவ்வளவுதான் லா, வேற ஏதாச்சும் படிக்கச் சொல்லு." இன்னொன்று: "மனசு வச்சா எதையும் சாதிக்கலாம், கவலைப்படாதே." முதல் பதில் கதவைச் சாத்திவிடுகிறது. இரண்டாவது பதில், கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் என்று காட்டாமல் போய்விடுகிறது. இரண்டுமே யோசிக்காமல் வாயில் வரும் பதில்கள். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போமே.

கணக்கைப் பார்ப்போம்

முதலில் ஆறுதலும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள்.

இரண்டு செமஸ்டருக்கும் பாட எடை சமம் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் 2.30. இரண்டாவதில் உயிரைக் கொடுத்துப் படித்து 3.90 எடுத்தாலும் மொத்தம் 3.10தான் வரும். மெட்ரிகுலேஷன், அறிவியல் அடிப்படைப் படிப்பு வழியாக மருத்துவத்துக்குப் போக இந்நாட்டில் வைத்திருக்கும் குறைந்தபட்சப் புள்ளி 4.00க்கு 3.00. ஆக, வாசற்படியைத் தொட்டாயிற்று. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கு யு.பி.யு. வழியாகப் போட்டியிடும்போது, தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. எதிரே நிற்பவர்களில் 4.00 வாங்கியவர்கள் வரிசையாக இருப்பார்கள். 3.10ஐ வைத்துக்கொண்டு அங்கே இடம் எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

படிவம் 6 எடுத்தவர்களுக்குக் கதை வேறு. எஸ்.டி.பி.எம்.மில் மூன்று செமஸ்டர். முதல் இரண்டு செமஸ்டரின் தாள்களை மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு. விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்க அந்தத் தேர்வு முறை இடம் வைத்திருக்கிறது. "மெட்ரிக் கிடைக்கல, படிவம் 6தான்"னு சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டப்படிப்பில் விழுந்தவர்கள் கணக்கும் உண்டு. பயோமெடிக்கல் போன்ற நான்கு ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டு 2.50. மீதி மூன்று ஆண்டும் 3.70 என்று வைத்துக்கொண்டால், நான்காம் ஆண்டு முடிவில் 3.40. முதல் ஆண்டின் மதிப்பெண் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதன் கனம் குறைந்துகொண்டே வருகிறது. பட்டம் முடித்தவர்களை மட்டுமே மருத்துவத்துக்குச் சேர்க்கும் கல்லூரிகளும் உலகில் உண்டு. பக்கத்துச் சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி 2007ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ஏதாவது ஒரு பட்டத்தோடு வருபவர்களுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. போட்டி அங்கேயும் கடுமைதான். இருந்தாலும், பதினெட்டு வயதில் எழுதிய ஒரு தேர்வே கடைசி வார்த்தை இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

தலையெழுத்தா, வினையா?

இந்தக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு வினையைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்போது அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். கையில் இருக்கும் 2.30 வந்துவிட்ட பலன். அழுதாலும் அது மாறாது. ஆனால் இன்று ராத்திரி புத்தகத்தைத் திறப்பதா, போனைத் திறப்பதா என்பது இனிமேல் சேரப்போகும் வினை. அதை எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது.

"தலையெழுத்து" என்று சொல்பவர்கள் முதலிரண்டை மட்டும் பார்த்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். வினைக் கொள்கையை விதிக் கொள்கையாக மாற்றிவிடுகிறார்கள். செய்த செயலுக்குப் பலன் உண்டு என்றால், இனிச் செய்யப்போகும் செயலுக்கும் பலன் இருந்தாக வேண்டும் இல்லீங்களா? ஒரு பக்கம் மட்டும் உண்மையாக இருக்க முடியாது.

திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 38வது. ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது, 62வது. ஊழின் வலிமையைச் சொன்ன அதே வள்ளுவர், சோர்வில்லாத உழைப்பு அந்த ஊழையே பின்வாங்க வைக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். இது முரண்பாடு என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. நடந்து முடிந்ததை ஏற்றுக்கொள்ள ஒரு மனம் வேண்டும், நடக்க வேண்டியதைச் செய்ய இன்னொரு மனம் வேண்டும். 2.30 வாங்கிய பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டும் தேவைப்படுகிறது.

ஏன் விழுந்தோம்?

நோயாளி வந்ததும் நல்ல டாக்டர் என்ன செய்கிறார்? உடனே மருந்து எழுதுவதில்லை. எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, முன்பு வந்ததுண்டா என்று கேட்கிறார். டாக்டராக விரும்பும் பிள்ளை முதலில் தன் விழுகையை அப்படி விசாரிக்கட்டும்.

காரணங்கள் ஒன்றுபோல இருக்காது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, கல்லூரியில் அறிவியலை ஆங்கிலத்தில் சந்திக்கும் பிள்ளைக்குப் பாடம் புரியும், கேள்வி புரியாது. அது மொழிச் சிக்கல். எஸ்.பி.எம்.முக்கு டியூஷனில் மனப்பாடம் செய்தே ஏ வாங்கிய பிள்ளைக்கு, யோசிக்க வைக்கும் கேள்வி வந்ததும் கை நடுங்கும். அது படிப்பு முறையின் சிக்கல். முதல் முறையாக ஹாஸ்டலில் தங்கி, கேட்க ஆளில்லாமல் விடிய விடிய கேம் விளையாடியது ஒழுங்கின் சிக்கல். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல், வார இறுதியில் வேலைக்குப் போனது குடும்பச் சிக்கல். தூக்கம் வராமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், வகுப்புக்குப் போக எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது மனநலச் சிக்கல். அதற்கு ஆலோசகரையும் மருத்துவரையும் பார்க்க வேண்டும், திட்டு உதவாது.

எல்லாவற்றுக்கும் "இன்னும் நல்லா படி" என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்தால் குணமாகுமா? மொழியில் விழுந்தவர் இரட்டிப்பு நேரம் படித்தாலும் அதே இடத்தில்தான் நிற்பார். முதலில் செய்ததையே இன்னும் வேகமாகச் செய்வது இரண்டாவது முயற்சி ஆகாது. காரணத்தைக் கண்டு, செய்யும் விதத்தையே மாற்றினால்தான் அது இரண்டாவது முயற்சி.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் பேசிவிட வேண்டும். "சிஸ்டம்தான் சரியில்ல." உண்மை, நியாயமான குறை உண்டு. 2019ல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000லிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் 90:10 ஒதுக்கீடு அப்படியே இருந்தது. 2024ல்தான், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். இடம் கிடைக்காமல் போனவரின் வருத்தத்தை யாரும் சின்னதாக்கக் கூடாது. ஆனால் இடம் கிடைத்துப் போய், வகுப்புக்கு ஒழுங்காகப் போகாமல் 2.30 வாங்கியதற்கு ஒதுக்கீடு காரணமில்லை. இரண்டு கணக்குக்கும் தனித்தனிப் புத்தகம் வையுங்கள். சமூகத்துக்கு நடந்த அநியாயத்தைச் சொந்தச் சோம்பலுக்குப் போர்வையாக்கினால், உண்மையான அநியாயத்தைப் பேசும்போதும் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால்?

இப்போது எதிர்த்தரப்பைக் கேட்போம். "ஒரு தடவைகூட சறுக்காத பிள்ளை வெளியே நிற்கும்போது, சறுக்கிய பிள்ளைக்கு இடம் கொடுப்பது நியாயமா? மருத்துவம் உயிர் சம்பந்தப்பட்டது. நாளைக்கு அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருப்பது உங்கள் அம்மா என்றால்?"

இதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. கேள்வி சரியான கேள்வி. நோயாளிக்கு டாக்டரின் சோகக்கதை தேவையில்லை. மருந்தின் அளவு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விழுந்து எழுந்தவர் சலுகை கேட்க முடியாது. "எனக்கும் கஷ்டம் இருந்துச்சு, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பது மருத்துவத்தில் செல்லாது. நிரூபிக்கும் பொறுப்பு அவர் மேல்தான் இருக்கிறது. சறுக்காதவர் ஒரு தடவை காட்டினால் போதும். சறுக்கியவர் மீண்டும் மீண்டும் காட்ட வேண்டும்.

ஆனால் அதே நோயாளியின் பக்கத்திலிருந்து இன்னொன்றையும் சொல்லலாம். அவருக்கு முக்கியம், டாக்டர் இன்றைக்கு என்ன அறிந்திருக்கிறார் என்பது. முதல் வருடம் கெமிஸ்ட்ரியில் எவ்வளவு என்பதைப் படுக்கையில் இருப்பவர் கேட்பதில்லை. தொடக்கத்தில் அறியாதவர் பிறகு அறிந்துகொண்டார் என்றால், அது முழுமையான அறிவுதான். நேர்முகத் தேர்வில் "முதல் செமஸ்டரில் என்ன ஆச்சு?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். நடந்தது இது, காரணம் இது, மாற்றிக்கொண்டது இது, அதன் பலன் இது. நான்கு வாக்கியம் போதும். தன் தவற்றை நேராகச் சொல்லத் தெரியாதவர், நாளை வார்டில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் அதை எப்படிச் சொல்வார்?

யாருடைய ஆசை? யாருடைய பணம்?

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தெரியும். டிரெஸ்ஸர்தான் அவர்களுக்கு எல்லாமே. காய்ச்சலா, வெட்டுக்காயமா, லயத்திலிருந்து நேராக டிரெஸ்ஸரிடம்தான். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். அந்தக் காரைப் பார்த்து நின்ற தலைமுறை, "எம் புள்ளையும் ஒருநாள்" என்று ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் பேரப்பிள்ளையின் மனதில் அந்த ஆசை தானாக முளைத்ததா, ஊன்றி வைத்ததா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விழுந்த பிறகு பார்ப்பதற்கு இது நல்ல நேரம். ஜெயித்துக்கொண்டே போகும்போது யாரும் தன்னைக் கேட்பதில்லை.

படிப்பு முடிந்தால் வாழ்க்கை அமைந்துவிடும் என்ற காலமும் போய்விட்டது. ஐந்து ஆண்டுப் படிப்பு, பிறகு இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுதும் ஹர்த்தால் செய்தார்கள். கௌரவத்துக்காக மட்டும் போகிறவரை இரவுப் பணியில் அந்தக் கௌரவம் தாங்கிப் பிடிக்காது.

பணம் இன்னும் பெரிய தர்மசங்கடம். அரசாங்க இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. அங்கே செலவு பல லட்சம் வெள்ளி. பி.டி.பி.டி.என். கடன் முழுதும் தாங்காது. அப்பாவின் இ.பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டும், சில வீடுகளில் வீட்டுப் பத்திரமும் வங்கிக்குப் போகும். தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் பங்கும் அதில் இருக்கிறது. "என் கனவு" என்று சொல்லும்போது, அந்தக் கனவுக்கு எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது அறம். பெற்றோருக்கு மறைத்து வைத்த செமஸ்டர் முடிவோடு அவர்கள் சேமிப்பை எடுக்கச் சொல்வது அறமாகாது. கையிலிருக்கும் புள்ளியையும், அடுத்து எடுக்கக்கூடிய புள்ளியையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஏஜெண்டுகளிடமும் கவனம் தேவை. "புள்ளி குறைவா? பரவால்ல, வெளிநாட்டுல சீட் இருக்கு" என்பார்கள். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மலேசிய மருத்துவ மன்றம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி நம்மிடம் இருக்கிறதா என்று நாமே பார்க்காமல் ஒரு காசு கட்டக்கூடாது. தகுதிக்குக் குறுக்குவழி தேடிப் போய், பட்டத்தோடு திரும்பி வந்து பதிவு செய்ய முடியாமல் நிற்பது முதல் விழுகையைவிடப் பெரிய விழுகை.

விடாமுயற்சியும் பிடிவாதமும்

2012ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். 1949ல் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 பேரில் கடைசி. இந்தப் பையன் விஞ்ஞானி ஆக நினைப்பது கேலிக்கூத்து என்று ஆசிரியர் அறிக்கை எழுதினார். இன்னொருவர் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா. மருத்துவம் படித்து முடித்து எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். கை ஓடவில்லை. சீக்கிரம் முடிய வேண்டிய அறுவைக்கு நெடுநேரம் எடுத்தார். இடைஞ்சல் என்று பொருள்படும்படி அவர் பெயரையே திரித்துக் கேலி செய்தார்கள். அவர் கத்தியை வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவர் மற்றவர்கள் மூடிய கதவை விடாமல் தட்டினார். மற்றவர் திறந்திருந்த கதவை விட்டு வேறு கதவுக்குப் போனார். இரண்டுமே தோல்வி இல்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கர்டனைப் போல ஆசிரியரிடம் திட்டு வாங்கிய எல்லோருக்கும் நோபல் கிடைக்கவில்லை. வென்றவர் கதை மட்டுமே நம் காதுக்கு வருகிறது. அதனால் ஒரு கதையை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

அப்படியானால் விடாமுயற்சி எது, பிடிவாதம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். முதல் தடவைக்கும் இப்போதைக்கும் நான் படிக்கும் விதம் மாறியிருக்கிறதா? மாறிய பிறகு புள்ளி ஏறுகிறதா? இந்த நாளுக்குள் இந்தப் புள்ளி வராவிட்டால் வேறு வழி பார்ப்பேன் என்று ஒரு எல்லை வைத்து, அதை வீட்டில் சொல்லியிருக்கிறேனா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது விடாமுயற்சி. தாராளமாகப் போங்கள், நாலு பேர் என்ன சொன்னாலும் போங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால், கனவு என்ற பெயரில் ஒரு முடிவைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லை வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாதி, உதவி மருத்துவ அதிகாரி, இயன்முறை மருத்துவர், மருந்தாளர் என்று எத்தனையோ பேர் சேர்ந்துதான் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு மருந்து கொடுத்த டிரெஸ்ஸரும் மருத்துவப் பட்டம் வாங்கியவர் இல்லைதான். அவர் பேரைச் சொன்னால் இன்னமும் கையெடுத்துக் கும்பிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். "டாக்டராகத்தான் சேவை செய்வேன், இல்லாட்டி செய்யமாட்டேன்" என்று சொன்னால், ஆசை சேவையின் மேலா, பெயருக்கு முன்னால் வரும் எழுத்தின் மேலா?

விழுந்தவர் கொண்டுபோவது

கடைசியாக ஒன்று. எழுந்து நடந்து, உண்மையாகவே டாக்டராகிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அரசாங்க கிளினிக். எதிரே ஒரு பெரியவர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம். பெரியவருக்குச் சர்க்கரை மறுபடியும் ஏறியிருக்கிறது. போன தடவை சொன்னதைக் கேட்கவில்லை. "எத்தனை தடவைங்க சொல்றது? கால எடுத்துட்டாத்தான் புத்தி வருமா?" என்று கத்துவது சுலபம்.

சொன்னதைச் செய்ய முடியாமல் போவது என்றால் என்ன, நாளைக்கு ஒழுங்காக இருப்பேன் என்று நூறு தடவை நினைத்துத் தவறுவது என்றால் என்ன என்பது, விழுந்து எழுந்த டாக்டருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அவர் கத்தமாட்டார். "எந்த நேரத்துலங்க கட்டுப்பாடு போகுது? ராத்திரியா? வேலை முடிஞ்சு வந்ததுமா?" என்று கேட்பார். தன் 2.30க்கு என்ன காரணம் என்று ஒருநாள் தன்னையே விசாரித்தாரே, அதே விசாரணைதான். விழுந்தவர் எல்லோருக்கும் இந்தக் கருணை தானாக வந்துவிடாது. விழுந்ததை மறைத்தே மேலே வந்தவர் மற்றவரை இன்னும் கடுமையாகத்தான் பேசுவார். தன் விழுகையை நேருக்கு நேர் பார்த்தவருக்கு மட்டுமே அது கைவரும்.

ஆகவே தொடக்கக் கேள்விக்கு என் பதில் இது. ஆசைப்படலாம். ஆனால் கணக்கோடு ஆசைப்படுங்கள், காரணம் அறிந்து ஆசைப்படுங்கள், பெற்றவர்களிடம் மறைக்காமல் ஆசைப்படுங்கள், ஓர் எல்லையோடு ஆசைப்படுங்கள். எழுதிய எண் அழியாது, அடுத்த எண்ணை இன்னும் யாரும் எழுதவில்லை.

பெற்றோருக்கும், கோயில் மண்டபத்தில் மாலை போடும் நமக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்பது ஏ எடுத்த அன்று கூட்டமாக வருகிறோம். 2.30 வந்த அன்றும் ஒருவராவது போக வேண்டும். போய், "எவ்வளவு எடுத்தே?" என்று கேட்காமல், "எந்த இடத்துல சிக்குச்சு, சொல்லு பாப்பம்" என்று பக்கத்தில் உட்கார வேண்டும். இளைஞர் இயக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக்கூட நாம் செய்யாவிட்டால், அந்தப் பொன்னாடைக்கு என்ன அர்த்தம்?